61 விசைக்கு 19 கம்பி

"சித்தப்பா, ஓடிக்கிட்டே இடது பக்கம் திரும்பிக் குதிக்கவே முடியல. கீபோர்டு போச்சு போல" என்று அண்ணன் மகன் போனில் புலம்பினான். ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காக விழுந்தன. டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் மூன்றாவதைக் காணோம். பெட்டியில் ‘கேமிங்’ என்று பெரிதாக அச்சடித்த, ஏழு நிறத்தில் மினுக்கும் கீபோர்டு அது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதில் பழுது எதுவும் இல்லை, செய்த விதமே அப்படி.

61 விசை உள்ள சின்ன கீபோர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விசைக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் உள்ளே இருக்கும் சிப்புக்கு 61 கால் வேண்டும். அதற்குப் பதிலாக, தியேட்டரில் வரிசையும் சீட் எண்ணும் போடுவதுபோல, 5 கிடைக்கோடும் 14 நெடுக்கோடும் போட்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் விசையை வைக்கிறார்கள். சந்திப்புகள் 70, கம்பிகள் 19. விசையை அழுத்தினால் அந்த இடத்தில் இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும். சிப் ஒவ்வொரு நெடுக்கோட்டுக்கும் முறைவைத்து மின்சாரம் கொடுத்து, அது எந்தக் கிடைக்கோட்டில் வந்து சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்குள் இந்த ரோந்து பல நூறு தடவை நடந்துவிடும்.

சிக்கல் மூன்றாவது விரலில் ஆரம்பிக்கிறது. கியூவும் டபிள்யூவும் மேல் கோட்டில் இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே ஏவும் எஸ்ஸும் அடுத்த கோட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலும் ஒரு கட்டத்தின் நாலு மூலைகள். நீங்கள் கியூ, டபிள்யூ, ஏ மூன்றையும் அழுத்துகிறீர்கள். சிப் இப்போது டபிள்யூ இருக்கும் நெடுக்கோட்டுக்கு மின்சாரம் விடுகிறது. அது டபிள்யூ வழியாக மேல் கோட்டுக்கு ஏறுகிறது. அங்கே கியூவும் திறந்த கதவாக இருப்பதால் அதன் வழியே பக்கத்து நெடுக்கோட்டில் இறங்கி, ஏ வழியாகக் கீழ்க் கோட்டுக்கும் போய்விடுகிறது. சிப்புக்கு இந்தச் சுற்றுவழி தெரியாது. டபிள்யூவின் நெடுக்கோட்டில் விட்ட மின்சாரம் கீழ்க் கோட்டில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எஸ் அழுத்தப்பட்டிருக்கிறது. யாரும் தொடாத எஸ் திரையில் விழும். இதற்கு ‘கோஸ்டிங்’ என்று பெயர், பேய் வேலை. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உண்டு.

இதற்கு மருந்து டையோடு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் குட்டிப் பொருள், மொத்தமாக வாங்கினால் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது. விசைக்கு ஒன்று வைத்துவிட்டால், மேல் கோட்டுக்கு ஏறிய மின்சாரம் கியூ வழியாகத் திரும்பி இறங்க முடியாது. சுற்றுவழி அடைபட்டுவிடும். விசைக்கு ஒரு தனி சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டில் சர்க்யூட் போர்டு இருப்பதால் டையோடை அதிலேயே பற்றவைத்துவிடலாம். மலிவான மெம்பிரேன் கீபோர்டில் இருப்பதோ மின்கடத்தும் மையால் கோடு அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். அதில் டையோடை எங்கே பற்றவைப்பது? அதனால் அங்கே சிப் வேறு தந்திரம் செய்கிறது: சந்தேகம் வந்தால் மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அண்ணன் மகன் குதிக்க முடியாமல் போனது இதனால்தான்.

உங்கள் கீபோர்டிலும் பார்க்கலாம். இரண்டு ஷிஃப்ட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏ முதல் இசட் வரை அடியுங்கள். பல மெம்பிரேன் கீபோர்டுகளில் சில எழுத்துகள் விழவே விழாது.

கடைப் பெட்டிகளில் எழுதியிருப்பதும் இப்போது புரியும். ‘25 விசைகளுக்கு ஆன்டி கோஸ்டிங்’ என்று எண்ணிச் சொன்னால் மற்ற விசைகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது மெம்பிரேன்தான். ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்றிருந்தால் சத்தியமாக மெக்கானிக்கல் இல்லை. ‘என்-கீ ரோல்ஓவர்’ என்றால் எத்தனை விசையையும் ஒன்றாக அழுத்தலாம். சிலவற்றில் ஆறு என்றிருக்கும். கீபோர்டு கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பியின் அடிப்படைச் செய்தியில் ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை போக ஆறு விசைகளுக்குத்தான் இடம், அந்தக் கணக்கு அது. இடது கையில் அஞ்சு விரல்தானே, ஆறே தாராளம்.

சுவிட்ச் பற்றிப் பேசாமல் மெக்கானிக்கல் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுருள்வில்லும் இரண்டு உலோகத் தகடுகளும் உண்டு. செர்ரி நிறுவனத்தின் சிவப்பு சுவிட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். அதற்கு சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுடெமு என்று சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்ய ஆரம்பித்தன. விலை இறங்கியது அதனால்தான். நீல நிற சுவிட்ச் ‘டிக்’ என்று சத்தம் போடும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மறுபடி அழுத்த வேண்டுமென்றால் பதிவான இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக மேலே விட வேண்டும், வேகமாகத் தட்டும்போது அது இடிக்கும். பழுப்பு இரண்டும்கெட்டான். ஆட்டத்துக்குச் சிவப்பு. வீட்டில் மற்றவர்கள் தூங்குவதற்கும் சிவப்பு.

தகடும் தகடும் மோதும்போது ஒரு தடவையில் ஒட்டாது, கீழே விழுந்த பந்துபோலக் கொஞ்சம் துள்ளும். அதை நாலைந்து அழுத்தல் என்று எண்ணிவிடாமல் இருக்க, சிப் சில மில்லிநொடி பொறுத்துப் பார்க்கிறது. தகடு தேய்ந்தால் துள்ளல் நீளும், ஒருமுறை தட்டினால் எழுத்து இரண்டு விழும். அப்போது சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றும் வசதி இருந்தால் பிழைத்தீர்கள். அதற்கு ‘ஹாட்ஸ்வாப்’ என்று பெயர். மலிவான சிலவற்றில் அவுடெமுவின் மெல்லிய கால்கள் மட்டுமே நுழையும், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அளவு. முழு கீபோர்டில் 104 விசை. வலது பக்க எண்களையும் அம்புக்குறிகளையும், அவற்றுக்கு மேலே இருக்கும் ஹோம், எண்ட் போன்றவற்றையும், எஃப் வரிசையையும் எடுத்தால் 61. மேசையில் மௌஸுக்கு ஒரு சாண் இடம் கூடுதலாகக் கிடைக்கும், துப்பாக்கி ஆட்டம் ஆடுபவர்களுக்கு அதுதான் லாபம். ராயல் குளூஜின் ஆர்கே61, ரெட்ராகனின் கே617 எல்லாம் இந்த வகை. எடுத்த விசைகள், எஃப்என் என்ற விசையைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை அழுத்தினால் வரும். அதே 61 சுவிட்ச்தான், சிப்பில் இன்னொரு அட்டவணை. பழகிவிடும் என்பார்கள். நான் இரண்டு வாரம் பழகிப் பார்த்தேன், அம்புக்குறி இல்லாமல் ஒரு பத்தியைத் திருத்துவதற்குள் கோபம் வந்துவிட்டது. கட்டுரையும் அசைன்மென்ட்டும் எழுதும் வீட்டில் 68 விசைதான் சரி, அம்புக்குறிகள் தனியாக இருக்கும்.

அண்ணன் மகனுக்கும் அதையே வாங்கினோம்: 68 விசை, சிவப்பு, ஹாட்ஸ்வாப், வயர். விளக்கு ஒரே நிறம் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். சுவிட்செல்லாம் அமைதியாக இருக்க, ஸ்பேஸ் பார் மட்டும் தகர டப்பாவாகக் குலுங்கியது. நீள விசை ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும், அது பிளாஸ்டிக்கில் தட்டும் சத்தம். விசையைக் கழற்றி, கம்பி முனைகளில் பல்குச்சியால் துளி சிலிகான் கிரீஸ் தடவினான். அன்று ராத்திரி அண்ணி கதவைத் தட்டவில்லை.