பூச்சியத்தைச் சுற்றிச் சுற்றி வரும் குளிர்காலம்

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் திருத்தும் வேலைக்கு நான் வந்து பதினெட்டு வருடங்கள். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம்தான் என் அலைச்சல். ஆரம்ப வருடங்களில் தை, மாசி மாத அழைப்புகள் ஒரே மாதிரி இருக்கும்: "தம்பி, ஹீற் வரேல்லை." மைனஸ் 20 இல் இரவு பகலாக ஓடிய ஃபர்னஸ் களைத்து நின்றிருக்கும். இக்னைற்றரை மாற்றுவேன். ஊத்தை படிந்த ஃபில்ற்றரைக் கையில் எடுத்து "இதை எப்ப மாத்தினீங்கள்?" என்று கேட்பேன். பதில் வராது, தேத்தண்ணி வரும்.

இப்போது அதே மாதங்களில் வரும் அழைப்புகள் வேறு. பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர். மேல்மாடி சீலிங்கில் மஞ்சள் திட்டு. வெளியே போகும் குழாயை ஐஸ் அடைத்து ஃபர்னஸ் நின்றுவிட்டது. மழைக்குக் கறன்ற் போய்விட்டது. தை மாதத்தில் மழை! நான் வந்த புதிதில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2022 தை (ஜனவரி) 17 ஆம் திகதி பனிப்புயல் பலருக்கு நினைவிருக்கும். ரொறன்ரோ நகரத்தில் அரை மீற்றருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு ஃபர்னஸ் நின்றுவிட்டது என்று கூப்பிட்ட ஒரு அம்மா தொலைபேசியில் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "பூமி சூடாகுது எண்டு ரீவியில சொல்லுறாங்கள் தம்பி. இஞ்ச வந்து பாருங்கோ, எங்கட ட்ரைவ்வேயில இடுப்பளவுக்கு ஸ்னோ. எந்தச் சூடு?"

நியாயமான கேள்வி. நான் வானிலை படித்தவன் இல்லை. ஆனால் வெப்பமும் ஈரமும் என் தொழில். அந்த வழியாகப் பார்த்தால் இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

ஸ்னோ குளிரால் மட்டும் வருவதில்லை, ஈரமும் வேண்டும். காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது பிடித்து வைத்திருக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். மைனஸ் 25 இல் காற்று காய்ந்துபோய் இருக்கும், அதில் பெரிதாகக் கொட்ட ஒன்றும் இல்லை. மைனஸ் 2 இல் வருகிற காற்றுத்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும். சராசரி வெப்பம் கூடிக்கொண்டே போகும்போதும், இன்னும் பூச்சியத்துக்குக் கீழே நிற்கிற ஊரில் ஒரே நாளில் முன்பைவிட அதிக ஸ்னோ விழலாம். முரண் இல்லை.

எங்களுக்கு இதில் இன்னொரு பங்காளி இருக்கிறது: ஏரிகள். வடமேற்கிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று திறந்த தண்ணீர் மேல் ஓடும்போது ஈரத்தை உறிஞ்சும். கரையைத் தாண்டியதும் ஒரு ஒடுக்கமான பட்டையில் அவ்வளவையும் கொட்டும். ஏரி உறைந்துவிட்டால் பானைக்கு மூடி போட்ட மாதிரி, ஈரம் எழும்பாது. 2014 பங்குனியில் ஐம்பெரும் ஏரிகளின் பரப்பில் 92 சதவீதம் உறைந்து கிடந்தது. 2024 மாசி நடுப்பகுதியில் அது 3 சதவீதம் அளவில்தான் இருந்தது. எல்லா வருடமும் இப்படி என்று சொல்லவில்லை, ஏறி இறங்கும். ஆனால் மூடி திறந்து கிடக்கும் நாட்கள் நீண்டுகொண்டு போகின்றன. 2022 கார்த்திகையில் அமெரிக்காவின் பஃபலோவுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் சில நாட்களுக்குள் சுமார் 2 மீற்றர் விழுந்தது. 2024 கார்த்திகைக் கடைசியில் ரொறன்ரோவுக்கு வடக்கே கிரேவன்ஹேர்ஸ்ற் பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலை 11 இல் சனம் வாகனங்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஏரிகள் இன்னும் சூடானால் அதே ஈரம் மழையாக விழத் தொடங்கும். கரையோரத்தில் அது இப்போதே நடக்கிறது.

சரி, அப்போ மைனஸ் 30 குளிர் அலை எங்கிருந்து வருகிறது? வட துருவத்துக்கு மேலே, தரையிலிருந்து மிக உயரத்தில், குளிர்காலத்தில் ஒரு பெரிய காற்றுச் சுழல் சுற்றிக்கொண்டிருக்கும். துருவச் சுழல் என்று செய்திகளில் சொல்வது அதைத்தான். அது இறுக்கமாகச் சுற்றும்போது குளிர் அங்கேயே அடைபட்டிருக்கும். தளர்ந்தால் ஒரு பக்கம் வழிந்து தெற்கே இறங்கும். 2021 மாசியில் ரெக்சாஸ் வரை அந்தக் குளிர் இறங்கியது. அங்கே மின்சார அமைப்பே படுத்தது. வீட்டுக் குழாய்கள் வெடித்தன. அரசாங்கக் கணக்கிலேயே 246 பேர் செத்தார்கள். ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாவதால்தான் இந்தச் சுழல் அடிக்கடி தளர்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், அதற்கு ஆதாரம் போதாது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே முடியாத வழக்கு. வாட்ஸ்அப்பில் அதை முடித்துவைக்கிறவர்களை நம்பவேண்டாம். எந்தப் பக்கமும் மறுக்காதது ஒன்று: குளிர் அலைகள் இன்னும் வரும், ஆனால் மொத்தக் கணக்கில் கடும் குளிர் நாட்கள் குறைகின்றன. 1948 இலிருந்து 2016 வரை கனடாவின் குளிர்காலச் சராசரி மட்டும் 3.3 பாகை கூடியிருக்கிறது. ஒட்டாவாவில் றிடோ கால்வாய் ஸ்கேற்றிங் பாதை 1971 இல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் திறந்தது; 2023 இல்தான் முதல் தடவையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அடுத்த வருடமும் கொஞ்ச நாட்கள்தான். 2025 இல் நல்ல நீண்ட பருவம் கிடைத்தது. இப்படித்தான் இருக்கும், ஒரே நேர்கோட்டில் போகாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். வீட்டை உடைப்பது மைனஸ் 20 இல்லை. மைனஸ் 20 இல் ஸ்னோ கோதுமை மாவு போலக் காய்ந்து கிடக்கும், கூரைக்கு ஒன்றும் ஆகாது. பகலில் பிளஸ் 3, இரவில் மைனஸ் 6, மறுநாள் மழை, அதற்கு அடுத்த நாள் மைனஸ் 12 என்று பூச்சியத்தை மாறி மாறிக் கடக்கும் கிழமைதான் உடைக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். வெடிப்புக்குள் போன தண்ணீர் ஒவ்வொரு இரவும் ஒரு ஆப்பு மாதிரி வேலை செய்யும். ரோட்டில் குழி விழுவதும் இதனால்தான், உங்கள் வாசற்படி சீமெந்து உதிர்வதும் இதனால்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அண்ணை என்னைக் கூப்பிட்டது ஃபர்னஸுக்கு, ஆனால் அவர் காட்டியது சீலிங். சாமியறையின் மூலையில் ஈரம், படங்களுக்குப் பின்னால் வர்ணம் கொப்புளித்திருந்தது. "கூரை போட்டு ஆறு வருஷம்தான் தம்பி, ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார். ஏணி வைத்து, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அற்றிக்குள் தலையை நீட்டினேன். குளியலறை மின்விசிறியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சீலிங் லைற் பூட்டியவர்கள் சூட்டைக் காக்கும் பஞ்சை ஒதுக்கிவிட்டு அப்படியே போயிருந்தார்கள். குளிக்கும் ஆவியும் வீட்டுச் சூடும் கூரைப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தன. மேலே கிடந்த ஸ்னோ உருகி, கூரை விளிம்புக்கு வந்து, அங்கே உறைந்து வரம்பு கட்டியிருக்கிறது. வயலுக்குக் கட்டுகிற வரம்பேதான். பின்னால் தேங்கிய தண்ணீர் ஓடுகளுக்கு அடியால் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது. கூரைக்காரர் மேல் பிழை இல்லை. முன்பு மாதக்கணக்கில் உறைந்தே இருந்த விளிம்பு இப்போது உருகி உறைந்து உருகி உறைகிறது, அதுவரை மறைந்திருந்த ஓட்டை வெளியே தெரிகிறது. கூரை விளிம்பு ஐஸை உருக்க, சூடாக்கும் கம்பி பூட்டித் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அற்றிக்குப் பஞ்சு போடுங்கள், குழாயை வெளியே விடுங்கள், காசு அங்கே போகட்டும்.

அடுத்தது உறைமழை. இதைப் பலர் ஆலங்கட்டி மழையோடு குழப்புகிறார்கள். மேலே ஒரு சூடான காற்றுப் படை, கீழே தரையோடு ஒரு மெல்லிய குளிர்ப் படை. மேலே உருகிய துளி கீழே உறைவதற்கு நேரம் கிடைக்காமல் பூச்சியத்துக்குக் கீழான தண்ணீராகவே விழும், பட்ட இடத்தில் கண்ணாடி போல ஒட்டும். மரக்கொப்பு, கம்பி, கார், படி எல்லாவற்றிலும். 1998 தையில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின் கோபுரங்கள் இதன் பாரத்தால் சரிந்தன. 2013 மார்கழியில் ரொறன்ரோவிலேயே சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருட்டாகி, நத்தாருக்கும் கறன்ற் வராத தெருக்கள் இருந்தன. 2025 பங்குனிக் கடைசியில் ஓரில்லியா, பீற்றபரோ பக்கம் மறுபடியும். தனி ஒரு புயலைக் காட்டி "இது பூமி சூடானதால் வந்தது" என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முன்பு வெறும் ஸ்னோவாக விழுந்திருக்கக்கூடிய நாட்கள் சில பூச்சியத்துக்குக் கிட்ட நகர்ந்துவிட்டன, உறைமழைக்கு இடம் அதுதான்.

"எங்கட வீட்டில காஸ் ஃபர்னஸ்தானே, கறன்ற் போனா என்ன?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காஸில் எரிந்தாலும் சூட்டைத் தள்ளும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். கறன்ற் போனால் ஹீற்றும் போகும். பேஸ்மென்ற்றுக்கு வரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்பும் நிற்கும், அதுவும் உறைந்த நிலம் மழையை உள்ளே விடாமல் தண்ணீர் முழுவதும் உங்கள் அத்திவாரத்தைத் தேடி வரும் அதே இரவில். பேஸ்மென்ற்றில் ஆட்களைக் குடிவைத்திருப்பவர்கள் பம்புக்கு ஒரு பற்றரி பூட்டாமல் இருப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. புதுத் தரை போடும் செலவில் நாலில் ஒரு பங்குகூட வராது.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்லவேண்டும். 2013 இல் கறன்ற் போனபோது குளிர் தாங்காமல் பார்பிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டியவர்கள் இருந்தார்கள், கராஜுக்குள் ஜெனரேற்றர் ஓட்டியவர்கள் இருந்தார்கள். காபனோரொட்சைட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த அதே வாயு. மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடித்து நித்திரை வரும், நித்திரையிலேயே உயிர் போய்விடும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் காணாது. இந்த வாயுவைக் கண்டு கத்தும் அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் திகதி இருக்கும். நான் கழற்றிப் பார்க்கிற வீடுகளில் பாதியில் அது எப்போதோ முடிந்திருக்கும்.

அப்புறம் அந்த இடுப்பளவு ஸ்னோ அம்மா. ஒருவழியாக மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஃபர்னஸில் ஒரு பழுதும் இல்லை. வீட்டின் பக்கச் சுவரால் வெளியே வரும் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள், காற்று எடுக்க ஒன்று, புகை விட ஒன்று, இரண்டுமே ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்தன. மூச்சு முட்டினால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும், அதன் பாதுகாப்பே அதுதான். கையால் கிளறி எடுத்துவிட்டு உள்ளே போய் ஸ்விச்சைத் தட்டினேன், ஓடியது. காசு வாங்க மனம் வரவில்லை. அந்த அம்மாவின் மகன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிரகாசமான செம்மஞ்சள் பிளாஸ்ரிக் கம்பு எடுத்து வந்து குழாய்க்குப் பக்கத்தில் நட்டான், அடுத்த தடவை எங்கே தோண்டுவது என்று தெரியவேண்டும் அல்லவா. திரும்பும்போது தோட்டத்துக் குழாயில் ஹோஸ் இன்னும் பூட்டியபடியே தொங்கியதைக் கண்டேன். அதையும் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். உள்ளே நின்ற தண்ணீர் ஏற்கெனவே உறைந்து, ஹோஸ் கம்பு மாதிரி விறைத்திருந்தது.