நாட்டு வெடி வழக்கில் கைதானால் ஜாமீன் எப்படிக் கிடைக்கும்?

டெல்டாவில் சாவு ஊர்வலமோ கோயில் திருவிழாவோ, நாட்டு வெடிச் சத்தம் இல்லாமல் நடப்பது அபூர்வம். வெடிமருந்தைச் சணலால் சுற்றிய அந்த உருண்டையை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் அது ஒரு வழக்கு. ஆளைத் தாக்குவதற்கென்று பையில் வைத்திருந்தால் அது வேறு வழக்கு. கைதானவர் எப்போது வெளியே வருவார் என்பது எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் படியுங்கள்.

1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவு மட்டும் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு அதிகபட்சம் 2 ஆண்டு, தயாரித்ததற்கு 3 ஆண்டு. வைத்திருந்தது மட்டும்தான் குற்றச்சாட்டு என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும்.

1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் அப்படி இல்லை. அதன் 5-வது பிரிவு, சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில் வெடிபொருள் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. நியாயமான காரியத்துக்காக வைத்திருந்தேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் கைதானவர் தலையில்தான் விழும். ஆகவே பழைய லைசென்ஸ், கோயில் கமிட்டி கொடுத்த ஆர்டர் சீட்டு, முன்பணம் வாங்கிய ரசீது என்று எது இருந்தாலும் பத்திரமாக எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். உயிருக்கோ சொத்துக்கோ சேதம் விளைவிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தார் என்றால் 4-வது பிரிவு. அதில் ஆயுள் தண்டனை வரை உண்டு. அந்த நிலையில் மாஜிஸ்திரேட் ஜாமீன் தருவது மிகக் கடினம். செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அங்கே தள்ளுபடியானால் ஹைகோர்ட். தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்கென்றால் மதுரைக் கிளை; திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. கும்பகோணத்துக் குடும்பம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், பக்கத்து மயிலாடுதுறைக் குடும்பம் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது நாள் கணக்கில்தான். போலீஸ் குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், வழக்கு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் ஜாமீன் தந்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவு இது. ஆயுள் தண்டனை வரக்கூடிய 4-வது பிரிவுக்கு 90 நாள். 5-வது பிரிவில் 10 ஆண்டு என்பது உச்சவரம்புதான், குறைந்தபட்சத் தண்டனை இல்லை. இப்படிப்பட்ட குற்றங்களுக்கு 60 நாள்தான் என்று பழைய சட்டத்தை வைத்து 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தில் வாசகம் கொஞ்சம் மாறியிருப்பதால் அரசுத் தரப்பு 90 நாள் என்று வாதாடலாம். வாதாடட்டும், நீங்கள் 61-ஆம் நாள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

கணக்கு கைதான நாளிலிருந்து இல்லை, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அதாவது காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட நாளிலிருந்து. அந்த நாளும் சேரும். ஜூன் 1 ரிமாண்ட் என்றால் ஜூலை 30-ஓடு 60 முடிகிறது. ஜூலை 31 காலை மனு உள்ளே போக வேண்டும். கோர்ட்டு வாசலில் மஞ்சள் பையோடு நின்ற ஒரு அம்மாவை எனக்கு மறக்கவே முடியவில்லை. மகனுக்கு வியாழக்கிழமை 61-ஆம் நாள். திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, அந்த உரிமை அதோடு போயிற்று. வியாழக்கிழமையே மனுப் போட்டிருந்தால், பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் அது செல்லும்.

இன்னொன்று. 1908 சட்ட வழக்கில் கோர்ட்டு விசாரணை தொடங்கக் கலெக்டரின் இசைவு வேண்டும். அது இல்லாத குற்றப்பத்திரிகை அரைகுறை, அதனால் ஜாமீன் தாருங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை நம்பி நாளை வீணாக்க வேண்டாம்.

ஜாமீன் கிடைத்த பிறகும் குண்டர் சட்டம் பாய்ந்தால் ஆள் வெளியே வர முடியாது. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அதற்கு வழி வேறு: அறிவுரைக் குழுவிடம் முறையீடு, ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சிறைக்காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100-க்குப் போன் செய்தாலும் சரி.

ஜாமீன் உத்தரவு வந்தும் ஷூரிட்டி, அதாவது பிணை நிற்க ஆள், கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவு வந்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஷூரிட்டி கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். இரண்டும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னவை. அப்புறம், ஸ்டேஷனில் தினம் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நாளும் தவறக்கூடாது. நடவு, அறுப்பு வேலைக்கு வெளியூர் போக வேண்டியிருந்தால், முன்கூட்டியே நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட்டு, உத்தரவு கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.