மாடி அறை வெக்கை: ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

"தம்பி, மாடி ரூமுக்கு ஒன்றரை டன் போதுமா, ரெண்டு டன் போடணுமா?" சித்திரை பிறந்தால் போதும், புதுச்சேரியில் கட்டட வேலை பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வந்துவிடும். லாஸ்பேட்டையில் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டபோது இரவு ஒன்பது மணி. அவர் மகனைக் கட்டில் மேல் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். "சுடுதுங்க" என்று கையை எடுத்துவிட்டார். வெளியே கடற்காற்று வீசி, தெரு எப்போதோ குளிர்ந்திருந்தது.

பிரான்ஸில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் வீடு கட்டினால், குளிருக்கு மாடிப் படுக்கையறைச் சுவரில் வெப்பம் தரும் ரேடியேட்டர் மாட்டுவதா, தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் பதிப்பதா என்று யோசிப்பார்கள். குழாய் பதித்த தரை மெல்லத்தான் சூடேறும். நிறுத்திய பிறகும் நெடுநேரம் வெப்பம் தரும். அதே வேலையை இங்கே நம் தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் செய்கிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை, நாம் படுக்கப் போகும் நேரத்தில் இறக்குகிறது. இதைத் தடுக்காமல் ஏசி போட்டால், அது ராத்திரி முழுக்கத் தளத்தோடு மல்லுக்கட்டும்.

பழைய தமிழர் தெரு வீடுகளின் மெட்ராஸ் டெரஸைப் பாருங்கள். தேக்கு விட்டத்தின் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு. அதிலிருந்து நமக்கு மிஞ்சியது கான்கிரீட்டுக்கு மேல் போடும் சுர்க்கித் தளம். புது வீட்டுக்கு என் முதல் தேர்வு இன்றும் அதுதான். செங்கல் ஜல்லியை நீர்த்த சுண்ணாம்போடு கலந்து, மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டு, கட்டையால் தட்டி, தண்ணீர் வடிய ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிக்க வேண்டும். அவசரத்துக்குச் சுண்ணாம்பை விட்டுவிட்டு சிமெண்டைக் கொட்டினால் வெயிலில் வெடிப்பு விடும்.

ஆனால் பழைய தளத்தில் கை வைக்கும்போது எனக்குப் பயம் உண்டு. சுர்க்கி ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ ஏற்றும். ஏற்கெனவே இருக்கும் சுர்க்கியைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொன்று போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வயதான தளத்துக்கு வெள்ளைப் பூச்சு போதும். வெயிலைத் திருப்பி அனுப்பும், பாரம் ஏற்றாது. வெடிப்பை அடைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை கரைத்துவிடும், வருடாவருடம் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் கூடுதல் காலம் நிற்கும், அழுக்குப் படியாமல் கழுவி வந்தால். வழவழப்பான வெள்ளை டைல்ஸ் ஒட்டினால் மழையில் வழுக்கும். துணி காயப்போட ஏறும் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கொட்டகை போட்டால் நிழல் கிடைக்கும், உண்மைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததை மறந்துவிட்டுப் போடாதீர்கள். தகரத்தை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியும், தளத்தோடு பிணைத்த தூணும் இல்லாவிட்டால் அது பறந்து போய் யார் மேலாவது விழும்.

நான் அடியோடு மறுப்பது ஒன்று: ஒழுகும் தளத்தை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவது. உப்புக் காற்று அடிக்கும் ஊர் இது. ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் பொருக்கு விட்டு உதிரும். கண்ணுக்குத் தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? கட்டிலுக்கு நேர் மேலே பெயர்ந்த கான்கிரீட் கனமாகத் தொங்கிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

லாஸ்பேட்டை வீட்டில் பூச்சுதான் அடித்தோம், மேற்குச் சன்னலுக்கு ஒரு கீற்றுத் தட்டி கட்டினோம். ஏசியும் வாங்கினார்கள், ஒரு டன். நீங்களும் செய்வதாக இருந்தால் பொங்கல் கழிந்ததும் ஆள் பேசுங்கள். சுர்க்கி இறுகும்வரை அதற்குத் தண்ணீர் காட்ட நாள் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அந்தத் தளத்தில் கொத்தனார் கால் வைக்க முடியாது.