சுகர் மாத்திரைய நிறுத்திட்டு 'செட்டு' கேட்டு வராதீங்கண்ணே

மறுபடியும் ஒருத்தரு. பாம்பன் பக்கம், விசைப்படகுல போறவரு, ரெண்டு காலும் வீங்கி செருப்பு மாட்ட முடியல, ரத்தத்துல கிரியேட்டினின், அதான் கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, ஏறிக் கெடக்கு. என்னண்ணே சாப்பிடுறீங்கன்னு கேட்டா, "சுகர் மாத்திரைய நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு தம்பி, அது கிட்னிய தின்னுருமாம்ல"ங்கிறாரு. சரி, வேற? "வேற ஒண்ணுமில்ல, தொழிலுக்குப் போகயில ஒரு செட்டு போடுவேன்."

தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

செட்டுன்னா என்னன்னு நம்ம ஊர்ல சொல்லவே வேணாம், அட்டையிலருந்து வெட்டி, கவர்ல போட்டு, பேர் தெரியாம டோஸ் தெரியாம குடுக்குறது. பெரும்பாலும் உள்ள டைக்ளோபினாக்கோ அசிக்ளோபினாக்கோ, அதாவது வலி மாத்திரை, இருக்கும், சில எடத்துல கூடவே டெக்சாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு, அது சுகர வேற ஏத்திவிடும். டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மருந்துக இதெல்லாம். குடுக்குற நம்ம கடைக்காரங்களுக்கும் இது நல்லா தெரியும், என்னத்த சொல்ல.

இப்ப அந்த கிட்னி கதைக்கு வரேன். சுகருக்கு குடுக்குற மெட்பார்மின் மாத்திரை கிட்னிய கெடுக்காது. அது கிட்னி வழியா வெளிய போற மருந்து, அதனால கிட்னி ஏற்கனவே ரொம்ப கொறஞ்சவங்களுக்கு டாக்டர் டோஸ கொறைப்பாரு இல்ல நிறுத்துவாரு. அதப் பாத்துட்டு "மாத்திரைதான் கெடுத்துச்சு, அதான் நிறுத்திட்டாங்க"ன்னு ஒரு ஆளு சொல்ல, தெருவே நிறுத்திருச்சு. கெடுத்தது வருசக்கணக்கா கட்டுப்படாம கெடந்த சுகரும் பிரஷரும்யா! வீடு எரியயில தண்ணிக் கொடத்தோட நின்னவன புடிச்சு நீதான் கொளுத்துனேன்னு சொல்ற மாதிரி இருக்கு.

வலி மாத்திரைதான் கிட்னிக்குப் போற ரத்தத்த கொறைக்கும். இதுல கடல் வெயிலு, வேர்வை, குடிக்கிற தண்ணியும் கம்மி, கூடவே பிரஷருக்கு எனாலப்ரிலும் நீர் மாத்திரையும் போடுறவரா இருந்தா கேக்கவே வேணாம். வலி மாத்திரையோட இந்த ரெண்டும் சேர்றதப் பத்தி எங்க பார்மசி படிப்புலயே தனியா எச்சரிப்பாங்க. கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருக்கும் இதேதான், இடுப்பு வலின்னு தெனம் ஒண்ணு.

வெளக்கிச் சொல்றதும் பார்மசிஸ்ட் வேலைதான்னு 2015ல வந்த பார்மசி தொழில் விதியிலயே இருக்கு, ஆனா வாயத் தொறந்தா "மாத்திரைய குடு தம்பி, கிளாஸ் எடுக்காத"ங்கிறாங்க. அதனாலதான் மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை போட்டெல்லாம் கரையில நிக்கும்ல, அப்ப நாங்களே போயி பிரஷர் பாத்து மாத்திரைப் பையக் கொட்டிப் பாக்குறது. மக்களைத் தேடி மருத்துவத்துல வந்த மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதுனதும் ஒரே மருந்து, கம்பெனி பேரு மட்டும் வேற, ரெண்டையும் சேத்து முழுங்கிட்டு இருப்பாங்க.

சுகர், பிரஷர் இருக்கவங்க வருசம் ஒரு தடவ கிரியேட்டினினும் யூரின்ல அல்புமின்ங்கிற புரதம் போகுதான்னும் பாத்துருங்க. வலிக்கு என்ன போடலாம்னு கேட்டுட்டுப் போடுங்க, குடிக்கிற பழக்கம் இருந்தா மறைக்காதீங்க, பாரசிட்டமாலுக்கே அது முக்கியம். கால் வீங்குனா, ஒண்ணுக்கு கொறஞ்சா, வெளிய கருப்பா தார் மாதிரி போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மெட்பார்மின நிறுத்துனவங்க இதப் படிச்சுட்டு நீங்களா திரும்ப ஆரம்பிச்சுறாதீங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர்ட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. இன்சுலின் போடுறவங்க போட்டுல மீன் ஐஸ்குள்ள மருந்த சொருகி வைக்காதீங்க சாமி, உறைஞ்சா வீணாப் போயிரும்.

பைய அப்படியே தூக்கிட்டு வாங்க. கரையேறுன கையோட, மீன் வாடையோட வந்தாலும் பரவாயில்ல, பாத்துச் சொல்ல காசு ஒண்ணும் கேக்க மாட்டேன்.