பாத்ரூம் தரைக்குக் கை கிடையாது

கடந்த இரண்டு மாதத்தில் மட்டும் நான்கு பேர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். நால்வரும் பெண்கள். நால்வருக்கும் அடி இடது கன்னத்தில். பெங்களூரில் டைல்ஸ் போடுகிறவர்கள் ஒன்றுகூடி ஏதோ சதி செய்கிறார்கள் போலிருக்கிறது.

நான் பல் டாக்டர். சரியாகச் சொன்னால், முகத்திலும் தாடையிலும் எலும்பு முறிந்தால் சரிசெய்கிறவள். அல்சூரில் சின்ன கிளினிக், வாரத்தில் மூன்று நாள் ஓர் ஆஸ்பத்திரி. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், முருகேஷ்பாளையம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். கீழே எழுதுவதில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வழுக்கி விழுகிறவர் தன்னையறியாமல் கையை ஊன்றுவார். உள்ளங்கை சிராய்க்கும், மணிக்கட்டு வீங்கும். முகம் தரையில் மோதினால் பெரும்பாலும் முகவாயில் வெட்டு விழும், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு முறியும். கீழ்த்தாடை வளையல் மாதிரி. ஒரு பக்கம் ஓங்கிக் குத்தினால் மறுபக்கமும் விட்டுப்போகும். இடது காதுக்குக் கீழே ஒரு முறிவு, வலது கோரைப்பல்லுக்கு அடியில் இன்னொன்று, உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை என்றால் எக்ஸ்ரேயே பேசிவிடும். எதிரில் நிற்கிறவருக்கு வலது கைப்பழக்கம் என்றால் அடி பெரும்பாலும் இடது கன்னத்தில்தான் விழும். மேல்கையில் நான்கு விரல் பதிந்த கன்றலை எந்தத் தரையும் உண்டாக்காது.

நான்காவதாக வந்த பெண்ணுக்கு இரண்டு இடத்தில் முறிவு. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கம்பி போட்டுக் கட்டினோம். ஐந்து வாரம் வாயைத் திறக்க முடியாது, கஞ்சி, ராகிக்கூழ் எல்லாம் ஸ்ட்ராவில்தான் என்று வீட்டாரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் கேட்டார்: "அஞ்சு வாரம் பேசவே மாட்டாளா டாக்டரம்மா? வீடு நிம்மதியா இருக்கும்." கணவர் சிரித்தார். அவருடைய தங்கை சிரித்தார். டிரிப்ஸ் பார்க்க வந்த எங்கள் நர்ஸும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எனக்கு அலுத்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: "கோபத்துல கண்ணு மண்ணு தெரியல மேடம்." அடித்தவர் சொல்வார், அவருடைய அம்மா சொல்வார், அடிபட்டவளே சொல்வாள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இவர் காலையில் சில்க் போர்டு சந்திப்பில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். டிராபிக் போலீஸ்காரரை அடித்தாரா? ஆபீசில் மேனேஜர் பத்துப் பேர் முன்னால் வார்த்தையால் உரித்தார். "ஓகே சார்" என்றுதானே சொன்னார்? அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரர் இவருடைய இடத்தில் வண்டியை விட்டிருந்தார். அவர் ஆறடி ஆள். இவர் பேசாமல் வெளியே நிறுத்திவிட்டு வந்தார். கண்ணும் மண்ணும் இதுவரை நன்றாகவே தெரிந்திருக்கிறது. லிப்ட் ஏறி, செருப்பைக் கழற்றி, கதவைச் சாத்திய பிறகுதான் தெரியாமல் போகிறது. அப்போதும் பல பேர் புடவை மறைக்கும் இடமாகப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். முகத்துக்கு வருவதற்குள் முதுகிலும் தொடையிலும் பழைய கன்றல்கள் இருக்கும். அவை மஞ்சள், பச்சை என்று ஆறிக்கொண்டிருக்கும். கட்டுப்பாடு இழந்த மனிதன் இடம் பார்ப்பானா? கோபம் எல்லோருக்கும் வருகிறது. அதை யார் மேல் இறக்கலாம் என்று இவருக்கு யாரோ அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அனுமதிச்சீட்டு நம் வீட்டில், நல்ல தமிழில் எழுதப்பட்டது. "கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்." "அடிக்கிற கைதான் அணைக்கும்." "அடியாத மாடு படியாது." "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." குழந்தையைப் பள்ளியில் விடும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொன்ன அப்பாக்களை எனக்குத் தெரியும். பாசத்தோடுதான் சொன்னார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது, அது வேறு விஷயம். அந்த வாக்கியத்தில் பையன் என்ன படிக்கிறான் என்று பாருங்கள்: அன்பிருந்தால் அடிக்கலாம், எந்த இடத்தை விட வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

படிக்காதவர்கள் செய்வது என்று யாரும் நழுவ வேண்டாம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) ஒரு கேள்வி கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லை என்றால், எதிர்த்துப் பேசினால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு காரணங்கள். இவற்றில் ஒன்றுக்காவது மனைவியை அடிப்பது நியாயம் என்று கர்நாடகத்தில் பெண்களில் 77 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆண்களில் சுமார் 82. நாடு முழுக்கப் பார்த்தால் இரண்டுமே 45-ஐ ஒட்டித்தான். ஐடி நகரம் இருக்கிற மாநிலத்தின் கணக்கு இது. அன்றைக்குச் சிரித்த நர்ஸும் எம்.எஸ்சி. படித்தவர்.

அப்புறம் குடி. குடித்தால் அடி பலமாக விழும் என்பது உண்மை, மறுக்கவில்லை. குடியை நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது, இங்குள்ள மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸிலேயே தனிப்பிரிவு உண்டு, கட்டாயம் போகட்டும். ஆனால் பாரில் பில்லைக் கூட்டிப் போட்ட சர்வரை அடிக்காமல் வீடு வரை கையைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர் அவர். குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அடிபட்ட அன்றே காயத்தைப் போட்டோ எடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள், கன்றல் அப்போதுதான் நன்றாகத் தெரியும். நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் நகல் வீட்டுக்கு வெளியே யாரிடமாவது இருக்கட்டும். கழுத்தை நெரித்திருந்தால், தழும்பே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது எல்லாம் சில மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும். ஒருமுறை கழுத்துக்குப் போன கை மறுமுறையும் போகும், அதை எந்தக் காரணத்துக்காகவும் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். பல் வேரோடு விழுந்தால் தேய்க்காமல் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். "பல்லுதானே" என்கிறவர்களுக்கு: எலும்போ பல்லோ முறிந்தால் சட்டத்தில் அது கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான்.

உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. போலீஸ் வேண்டாம் என்றால் 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அதிகாரி வழியாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும் உரிமையைக் கேட்கலாம். கைநீட்டுவது மட்டும் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவதும் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் அதில் வரும்.

பெண்ணைப் பெற்றவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் போன் செய்தால் "நீ என்ன சொன்ன?" என்று முதலில் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, பத்திரமா இருக்கியா" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் டிவியை உயர்த்தாதீர்கள். போய்ப் பெல் அடியுங்கள். உறைமோர் வேண்டும் என்று கேளுங்கள், குரியர் வந்ததா என்று கேளுங்கள், எதையாவது கேளுங்கள். வெளியாள் ஒருவர் வாசலில் நின்றால் எத்தனை பேருக்குக் கண்ணும் மண்ணும் உடனே தெரிய ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம். எக்ஸ்ரே எடுக்கும்போது கூட யாரும் இருக்கக் கூடாது. கணவரானாலும் வெளியேதான். அந்த இரண்டு நிமிடம்தான் பல பெண்களுக்கு இங்கே கிடைக்கும் தனிமை.

அந்த நான்காவது பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று முறைப்படி போலீசுக்குத் தகவல் போனது. கான்ஸ்டபிள் வந்து வாக்குமூலம் எழுதும்போது கணவர் கட்டில் பக்கத்திலேயே நின்றார். வழுக்கி விழுந்தேன் என்று தலையாட்டினாள். போன வாரம் எக்ஸ்ரே அறையில் என் பேனாவைக் கேட்டு வாங்கி, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினாள். இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த பெண், தமிழைக் கன்னட எழுத்தில்தான் எழுதத் தெரியும். "அன்னைக்கு போலீஸ்கிட்ட சொன்னத இப்ப மாத்திச் சொல்லலாமா?"

சொல்லலாம் என்றேன். சீட்டை மடித்து என் கோட்டுப் பையில் திணித்துவிட்டு வெளியே போனாள். வருகிற செவ்வாய்க்கிழமை கம்பி அவிழ்க்க வருகிறாள்.