ரிமோட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

போன வாரம் எடிட்டிங் வகுப்புக்கு வரும் தம்பி ஒருவன் பென் டிரைவ் ஒன்றை நீட்டினான். "சார், 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' எபிசோடு ஒண்ணை எடுத்து லேக் எல்லாத்தையும் தூக்கிட்டேன். நாற்பது நிமிஷத்துல முடிஞ்சுடுது. கதை ஒண்ணும் குறையலை, பாருங்க." மோர்ஸ் ஒரு பிரிட்டிஷ் துப்பறியும் தொடர், மூல எபிசோடு சுமார் நூறு நிமிடம். மீதி அறுபதையும் வெட்டி எறிந்த பெருமை முகத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அவனை மட்டும் திட்டிப் பயனில்லை. என் அக்கா வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒன்றரை வேகத்தில் பார்க்கிறார். டப்பிங் ஸ்டுடியோ நண்பர் ஒருவர் பத்து வினாடி பட்டனைத் தட்டித் தட்டி 'பிராட்சர்ச்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொடரின் முதல் எபிசோடை முடித்துவிட்டு, "யார் யாருன்னே புரியலையே, என்ன எடுத்து வெச்சிருக்கான்?" என்று எனக்கே போன் போட்டார். அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும்.

இருபது வருடமாக சீரியலும் வெப் சீரிஸும் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவன் நான். பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களை 'இழுவை' என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு எரியும். இழுவை என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதைத் தயாரித்துக் கொடுத்தவனே நான்தான். நம் சீரியலில் மாமியார் ஒரு வார்த்தை சொல்வார். உடனே கூடத்தில் நிற்கும் ஏழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாக, இடிச் சத்தத்தோடு, மூன்று சுற்று காட்டுவோம். அன்றைக்கு ஃபுட்டேஜ் நான்கு நிமிடம் குறைந்திருக்கும், வேறு வழியிருக்காது. அந்த இருபத்தோரு ஷாட்டிலும் இருக்கும் செய்தி ஒன்றே ஒன்று: எல்லோருக்கும் அதிர்ச்சி. அதைத் தாராளமாக ஓட்டிவிட்டுப் பாருங்கள், என் ஆசீர்வாதம் உண்டு.

இப்போது இன்னொன்றை நினைத்துப் பாருங்கள். வாசலில் போலீஸ் வந்து நிற்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்கிறது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய் டீ போடுகிறார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. கோப்பைகளை எடுத்து வைக்கிறார். எத்தனை கோப்பை? வந்தவர்களுக்கும் தனக்கும் மட்டுமா, பழக்கதோஷத்தில் அவருக்கும் சேர்த்தா? கை நடுங்குகிறதா, நடுங்காமல் இருப்பதுதான் உறுத்துகிறதா? அரை நிமிடம் "சும்மா" ஓடும் இந்தக் காட்சியில் துக்கமும் இருக்கலாம், துப்பும் இருக்கலாம். நீங்கள் பட்டனைத் தட்டினால் இரண்டும் போச்சு. கட் அதிகமானால் வேகம், குறைந்தால் மந்தம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எடிட்டிங் மேசையில் அந்தக் கணக்கே செல்லாது. அடுத்த விஷயம் எப்போது வந்து சேர்கிறது, அது வரும்வரை உங்கள் கண்ணுக்கு என்ன வேலை என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

டப்பிங் நண்பர் ஓட்டிவிட்ட இடத்தையே சொல்கிறேன். 2013இல் வந்த 'பிராட்சர்ச்', இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையோரச் சிற்றூரில் ஒரு சிறுவனின் மரணம் பற்றியது. முதல் எபிசோடில் அவனுடைய அப்பா காலையில் கடைத்தெரு வழியாக நடந்து போகிறார். மகன் இறந்த செய்தி இன்னும் அவரை எட்டவில்லை. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறார், கிண்டலடிக்கிறார், நகர்கிறார். வெட்டே இல்லாத ஒரே ஷாட். (ஒரு தெருவையே ஒத்திகை பார்த்து எடுக்கிற ஷாட் இது, எங்கள் யூனிட்டில் கேட்டால் லஞ்ச் பிரேக் கொடுத்துவிடுவார்கள்.) அந்த ஊரின் முக்கிய ஆட்கள் பலரையும் அந்த நடையிலேயே அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். அதை ஓட்டிவிட்டு "யார் யாருன்னே புரியலை" என்றால் நான் என்ன செய்வது?

மோர்ஸ் கதை இன்னும் மோசம். 1987 முதல் 2000 வரை பதின்மூன்று வருடத்தில் வந்தவை மொத்தம் 33 எபிசோடுகள்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இன்ஸ்பெக்டர், சிவப்பு ஜாகுவார் கார், பீர், குறுக்கெழுத்து, ஓபரா இசை. தம்பி வெட்டி எறிந்ததில் பெரும்பங்கு இந்த இசைதான். பாரிங்டன் ஃபீலங் அமைத்த தீம் இசையில் மோர்ஸ் என்ற பெயரே மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டப்படுகிறது. இது பலருக்குத் தெரியும். சில எபிசோடுகளின் பின்னணி இசையிலும் மனுஷன் கொலையாளியின் பெயரை அப்படியே குறியீட்டில் ஒளித்து வைத்தார். சில சமயம் வேண்டுமென்றே தப்பான பெயரையும். தம்பி "லேக்" என்று குப்பையில் போட்ட இடத்தில் விடையே இருந்திருக்கலாம்.

அப்புறம் சண்டை எங்கே, சேஸிங் எங்கே என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் சாதாரண போலீஸ்காரர் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. போலீஸ் அதிகாரங்களை வரையறுத்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விசாரணை பதிவாகிறது, கேட்டால் பக்கத்தில் வக்கீல் இருப்பார், குற்றம் சாட்டாமல் பிடித்து வைக்கப் பொதுவாக 24 மணி நேரம்தான். ஆகவே கதை மேசைக்கு வந்துதான் தீர வேண்டும். இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் "நோ கமெண்ட்". பதில் சொல்லாதவன் முகத்தில் நிற்பதா, கேட்டவர் முகத்தில் நிற்பதா என்று முடிவெடுக்கத்தான் எடிட்டருக்குச் சம்பளம். ஹேஸ்டிங்ஸ் நகரில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடக்கும் 'ஃபாயில்ஸ் வார்' தொடரின் நாயகன் மைக்கேல் கிச்சன், தன் வசனத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிற ரகம். வசனம் கூட்டச் சொல்லும் நடிகர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, கேள்விப்பட்டதும் கோயில் கட்டலாமா என்று தோன்றியது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வேகத்தை ஒன்றில் வையுங்கள். பேச்சை விரைவாகக் கேட்டாலும் புரியும், மௌனத்தை விரைவாகக் கேட்க முடியாது. போனை வேறு அறையில் வையுங்கள். மடியில் கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் சேராது. யார்க்‌ஷயர், ஷெட்லாந்து வட்டாரப் பேச்சு காதில் ஏறவில்லையென்றால் வெட்கப்படாமல் சப்டைட்டில் போடுங்கள். ஆனால் வரி மறைந்ததும் கண்ணை மேலே கொண்டுபோங்கள், வேலை முகத்தில் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு போதும். நடுவில் நிறுத்தி நடிகர் பெயரைத் தேடாதீர்கள். இரண்டே வரி பேசிய பக்கத்து வீட்டுக்காரர் பெரிய நடிகர் என்று தெரிந்ததும் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அதோடு தேடுபொறியே "கொலையாளி" என்ற சொல்லைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். மெதுவாகப் போகிறது என்பதால் மென்மையானது என்று நினைத்து வீட்டுப் பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்துவிடாதீர்கள். 'ஹேப்பி வேலி' என்ற போலீஸ் தொடரின் வன்முறை வயிற்றைப் பிசையும். வீட்டில் சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் 'பிராட்சர்ச்' இப்போதைக்கு வேண்டாம். துக்கத்தை ஓட்டிவிடாமல் முழுசாகக் காட்டுகிறவர்கள் அவர்கள். ஒரு வருடம் கழித்துப் பாருங்கள், அது எங்கேயும் போய்விடாது.

பென் டிரைவ் கொடுத்த தம்பி இதைப் படித்தால், அந்த நாற்பது நிமிடத்தை வந்து வாங்கிக்கொண்டு போகவும். ஹார்ட் டிஸ்கில் இடத்தை அடைக்கிறது.