இன்ஹிபிஷன்: தடையா, அடக்கமா?

பினாங்கில் ஞாயிறுதோறும் நாங்கள் பூப்பந்து ஆடும் மண்டபத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் "விடு!". பந்து உயரமாக வருகிறது, கை ஓங்கியாயிற்று. பின்னாலிருந்து ஜோடி ஆட்டக்காரர் "விடுங்கண்ணே, அவுட்டு!" என்று கத்துகிறார். தோள் இறுகி, மட்டை காதோரம் அப்படியே நிற்கிறது. சில சமயம் கத்தியது கேட்டும் கை அடித்துவிடும். கிளம்பிய அசைவை இப்படிப் பாதியில் நிறுத்துவதற்கு உளவியலில் 'ரெஸ்பான்ஸ் இன்ஹிபிஷன்' என்று பெயர்.

'இன்ஹிபேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. 'இன்' என்றால் உள்ளே, 'ஹபேரே' என்றால் வைத்திருத்தல். படகோட்டிகளுக்கு இடும் கட்டளையாகவும் இது புழங்கியது. துடுப்பை வலிக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அது என்று நினைத்திருந்தார் ரோமானிய அறிஞர் சிசரோ. கி.மு. 45இல் தன் வீட்டருகே ஒரு கப்பல் கரை சேர்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது: அந்தக் கட்டளை வந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை, எதிர்ப்பக்கமாக வலிக்கிறார்கள். நண்பர் அட்டிகஸுக்கு இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெரிப் படகு துறையை நெருங்கும்போது, நிற்பதற்காக எதிர்ப்பக்கம் விசை கொடுத்துத் தண்ணீர் கலங்கி நுரைக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளையும் எதிர்த்துத்தான் வலிக்கிறது. "விடு" கேட்டதும் வலது முன்மூளையின் கீழ்ப்புறப் பகுதி ஒன்று முனைகிறது. அசைவுக்குத் திட்டமிடும் நடுப்பகுதியும் சேர்ந்துகொள்கிறது. செய்தி ஆழத்தில் பருப்பு வடிவில் இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு நரம்பணுத் தொகுதிக்குப் போகிறது. அது தூண்டப்பட்டால் அசைவுக்கான உந்துதல் தணிந்துவிடும். இளம் வயதினருக்கு இதற்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி வினாடி ஆகிறது. 'அடி', 'விடு' இரண்டும் மூளைக்குள் பந்தயம் ஓடுகின்றன, எது முந்துகிறதோ அதுதான் நடக்கும் என்று 1984இல் கோர்டன் லோகனும் வில்லியம் கவனும் விளக்கினார்கள். கத்தியும் கை அடித்துவிடுவது அதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தடை, தடுப்பு, ஒடுக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். தடுப்பு எனக்கு ஒட்டவில்லை. அது சாலையில் போலீஸ் வைப்பது, வெளியிலிருந்து வருவது. ஒடுக்கம் என்றாலோ ஒடுக்குமுறைதான் முன்னால் வந்து நிற்கிறது. 'அடக்கம்' பொருந்துகிறது. மூச்சை அடக்குகிறோம், சிரிப்பை அடக்குகிறோம், எல்லாம் உள்ளுக்குள் நடப்பவை. இலக்கணமும் துணைக்கு வருகிறது. மடங்கு, மடக்கு போல அடங்கு, அடக்கு. மூளை அடக்குகிறது, கை அடங்குகிறது, இரண்டுக்கும் அடக்கம் என்ற ஒரே பெயர்.

அடக்கம் என்றால் பணிவாயிற்றே, இங்கே மரண அறிவிப்பில் நல்லடக்கம் என்றும் போடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் தனியாக விடாமல் 'துலங்கல் அடக்கம்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். துலங்கல் என்றால் ஒரு தூண்டலுக்கு நாம் காட்டும் எதிர்வினை, அதாவது 'ரெஸ்பான்ஸ்'. தூண்டல், துலங்கல் என்று பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். மற்றவர்களிடம் 'செயலடக்கம்' என்றாலும் சரிதான்.